ஒரு கல்லூரிக்கு எத்தனை பல் பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு எத்தனை பல் பதம்? எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று காலங்காலமாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட அறிஞர்கள் யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தவர்கள். இந்தக் கதையில் வரும் அக்காவோ அந்த நாற்காலிக்கு மெத்தை தைப்பவர். ஆகவே கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் வாயைத் திறந்து காட்டினார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் கடைசிக் கூடம் அவருடையது. லாரி, வேன், பைக் சீட்டுகளுக்கு ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் தைப்பது வேலை. தைத்து முடித்த ஒவ்வொரு சீட்டிலும் தானே ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வண்டிக்காரரிடம் ஒப்படைப்பார்.

"அக்கா, சீட்டு எனக்குத்தான? எறங்குங்க, நான் ஊர் போய்ச் சேரணும்" என்பார்கள் டிரைவர்கள்.

"நான் உக்காராத சீட்டு இந்த வாசலத் தாண்டாது. அவசரம்னா நின்னுக்கிட்டே ஓட்டு."

தெருவில் அவருக்கு 'சாம்பிள் அக்கா' என்று பெயர். குடை வாங்கினால் கடைக்குப் பக்கத்துக் குழாயடியில் விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். தலையணை வாங்கப் போய், கடையிலேயே தலைவைத்துப் பார்த்து, மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டு, "கழுத்து வலிக்குது" என்று திருப்பிக் கொடுத்தவர். கல்யாணப் பேச்சு எழுந்தபோது மாப்பிள்ளையின் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். மனிதர் நூலை ஊசியின் காதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நுழைத்தார். அப்படியும் அவரையே கட்டிக்கொண்டார். சோதனை செய்வது ஒரு குணம், சோதனையின் முடிவுக்குக் கட்டுப்படுவது வேறு குணம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

கணவர் ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். அச்சடித்த எதையும் நம்புவார். காகிதம் வழவழப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக நம்புவார்.

இவர்களுக்கு ஒரே மகள். படிப்பில் கெட்டிக்காரி. கைதான் கொஞ்சம் தகராறு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உள்ளங்கை வேர்த்து விரல் நடுங்கத் தொடங்கிவிடும். ஒரு விடுமுறையில் கூடத்தில் உட்கார வைத்து நேராக ஒரு தையல் போடச் சொன்னார் அம்மா. போட்டு முடித்ததும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ரெக்சின்ல ஆறு ஓடுது" என்றார். அதோடு மகள் அந்த மெஷின் பக்கம் போகவில்லை. இப்படிப்பட்ட கை உள்ள பெண்ணுக்கு உலகத்தில் எத்தனையோ படிப்புகள் இருக்கின்றன. அவள் தேர்ந்தெடுத்தது, அடுத்தவர் வாய்க்குள் ஒரு மயிரிழை பிசகாமல் துளைபோடும் படிப்பை. மதிப்பெண்ணும் வந்துவிட்டது. மதிப்பெண் எப்போதும் கையைப் பார்ப்பதில்லை.

மூன்று கல்லூரிகள் இடம் தரத் தயாராக இருந்தன. முதலாவது முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. அதற்குக் கட்ட வேண்டிய பணத்துக்குப் பட்டறைக் கூடத்தை விற்க வேண்டும். இரண்டாவது மேட்டின்மேல் இருந்தது. அதற்குக் கடன் வாங்கினால் சமாளிக்கலாம். மூன்றாவது பழைய கல்லூரி. செலவு சொற்பம். கட்டடம் இடிந்து விழாமல் நிற்பதற்குப் பழக்கம் ஒன்றுதான் காரணம்.

கண்ணாடிக் கல்லூரிக்குப் பரிந்து பேச வந்தவர் அக்காவின் அண்ணன். இடம் வாங்கி விற்கும் தரகர். தங்கை மகளின் எதிர்காலத்தைப் பற்றிய கவலையோடு, கூடத்தை வாங்க ஓர் ஆளையும் பார்த்து வைத்திருந்தார். இரண்டு கவலைகளும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு வருவதில் தப்பொன்றும் இல்லை.

"பில்டிங்கப் பாத்தியா? உள்ள போனா கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்பக் கழட்டத் தோணுது" என்றார் அண்ணன்.

"சாமி இருந்துச்சா?"

"எதுக்கெடுத்தாலும் குதர்க்கம். மாப்ளே, நீங்களாவது சொல்லுங்க."

கணவர் கையில் கல்லூரியின் விளம்பரப் புத்தகம் இருந்தது. அதை வருடிக்கொண்டே, "பேப்பர் நல்ல கனமா இருக்கு மச்சான்" என்றார்.

"அங்க ஏசி இருக்கும்மா. கை வேர்க்காது. எனக்கு அது போதும்" என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தையில் விளையாட்டு இல்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம்.

"கூடத்த வித்துட்டா அப்புறம் நீ என்ன பண்ணுவ?" என்று மனைவியைக் கேட்டார் கணவர்.

"வீட்ல உக்காந்து உங்களுக்கு ஊசி கோக்கச் சொல்லித் தர்றேன்." சிறிது நேரம் நாக்கால் கன்னத்துக்குள் துழாவிவிட்டு அக்கா சொன்னார்: "எனக்கு வாயில நாலு சொத்தை இருக்கு. காலேஜுக்கு ஒண்ணா காட்டிப் பாத்துடலாம்."

"அம்மா! அது பல்லும்மா. துணியா என்ன, பிரிச்சுத் தைக்க?"

"ரொம்ப நாளா சும்மாதான வலிக்குது. ஒரு வேலைக்காவது ஆகட்டும்."

"காலேஜு மூணுதான? நாலாவது பல்லு?" என்றார் கணக்கர்.

"அது இருக்கட்டும்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று சொல்வதுண்டு. இங்கே மாடே தன் பல்லைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது.

கண்ணாடிக் கல்லூரியில் நுழைந்ததும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். காத்திருக்க வேண்டியதே இல்லை. காத்திருக்க அங்கே வேறு நோயாளிகள் இல்லை. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒரு கும்பல், சொத்தைப் பல்லோடு ஒரு நிஜ மனுஷி வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஓடி வந்து சூழ்ந்துகொண்டது.

"ஆன்டி, வாய மூடிடாதீங்க ப்ளீஸ். அவன் இன்னும் பாக்கல."

"நீங்கல்லாம் இதுவரைக்கும் எத்தன பேருக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அக்கா.

"பொம்மைத் தலையில நிறைய போட்டிருக்கோம் ஆன்டி. ஆளுங்கள்ல, இந்த வருஷம் ரெண்டு பேர். அதுல ஒருத்தர் எங்க அப்பா."

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். புகழ்பெற்ற கை. பிள்ளைகள் ஒதுங்கித் தங்கள் கைகளைக் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டு பெரிய டிவியில் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். பேராசிரியர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்தார். வலி இல்லை. பல்லில் நாக்கை வைத்துப் பார்த்தால் அடைத்த இடமே தெரியவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டுவதற்காகக் கைகள் பைகளிலிருந்து வெளியே வந்ததை அக்கா பார்க்கத்தான் செய்தார். ஆனால் பார்ப்பதற்கும் கண்டுகொள்வதற்கும் நடுவில் சில சமயம் வெகுதூரம் இருக்கிறது, அதிலும் வலியில்லாமல் ஒரு பல் சரியான மத்தியானத்தில்.

மேட்டுக் கல்லூரிக்குப் போன அன்று வாசலிலேயே கூட்டம். பரவாயில்லையே என்று நினைத்தார். உள்ளே போனதும் ஒரு ஆள் கையில் டோக்கனையும் பிஸ்கட் பாக்கெட்டையும் திணித்து, ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. கோட்டு போட்டவங்க யாராவது வந்தா வாயத் தொறங்க. போனதும் மூடிக்கலாம்."

"எனக்குக் கீழ்ப்பல்லு சொத்தைங்க."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

அன்று ஆய்வுக் குழு வரும் நாள். நோயாளிகள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று பார்ப்பார்களாம். அதற்காகப் பல ஊர்களிலிருந்து வேனில் ஆள் பிடித்து வந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவருக்கு ஒரு பல்லும் இல்லை. பிஸ்கட்டை எச்சிலில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழு வந்தது. எல்லோரும் வாயைத் திறந்தார்கள். குழுவினர் தலைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். எல்லோரும் வாயை மூடினார்கள். வெளியே வரும்போது அந்த ஆள், "அடுத்த தடவையும் வாங்கம்மா, நல்லாத் தொறந்தீங்க" என்று பாராட்டினார். அக்கா உட்கார்ந்த நாற்காலியின் உறை மட்டும் நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவும் செய்தார். நியாயமானவர்.

பழைய கல்லூரியில் காலையில் சீட்டு வாங்கி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. கூடம் முழுக்க நாற்காலிகள், நாற்காலி முழுக்க ஆட்கள், தலைக்குமேல் காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் விசிறிகள். கடைசி வருஷம் படிக்கும் ஒரு மாணவிதான் பல்லைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. 'ஸாரிம்மா, ஸாரிம்மா' என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். முதலில் கொஞ்சம் அதிகமாகத் தோண்டிவிட்டாள், பிறகு அடைத்தது உயரமாகிவிட்டது, பிறகு தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். அக்காவின் தாடை துருப்பிடித்த பட்டறைக் கதவு மாதிரி ஆகிவிட்டது.

அன்று மாலை வீட்டில் தீர்ப்பு சொன்னார். "கண்ணாடிதான். ஒரு வலி இல்ல. பழசுல அந்தப் பொண்ணு என் பல்லுல கெணறு வெட்டிருச்சு. மேட்டப் பத்திப் பேசவே வேணாம், பிஸ்கட் நல்லா இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் அண்ணன். "நாளைக்கே ஆளக் கூட்டிட்டு வர்றேன். டேப்பு புடிச்சு அளந்துரலாம்."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சோதனை இப்படித்தான் ஏமாற்றும். கேட்ட கேள்விக்கு மிகச் சரியான பதிலைக் கொடுத்துவிட்டு, கேள்வியே தப்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும். எந்தக் கல்லூரியில் பல்லைக் காட்டலாம் என்பதை அக்கா துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார். எந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாம் என்பதையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வறுத்த கடலையைக் கடித்தபோது பழைய கல்லூரியில் அடைத்தது பெயர்ந்து கையில் வந்தது. அக்காவுக்கு ஒருவகையில் சந்தோஷம்தான், தீர்ப்புக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் தைத்துக் கொடுத்த சீட்டு பிரிந்தால் டிரைவர் திரும்ப வந்து சத்தம் போடுவது தொழில் மரபு. அந்த மரபை அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அண்ணன் ஆளோடு வரும் நாள் என்பதையும் பார்க்காமல், பெயர்ந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பழைய கல்லூரிக்குப் போனார்.

போன வேகத்தில், "எங்க அந்தப் பொண்ணு?" என்று குரல் கொடுத்தார். மாணவி வந்தாள். முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே ஓர் ஆசிரியை வந்தார். குள்ளமான உருவம், கண்ணாடி நெற்றிக்கு மேல், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். பிள்ளைகள் அவரைக் 'கைகட்டி மேடம்' என்று அழைப்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"யார் போட்டது?" என்றார் கைகட்டி மேடம்.

"நான்தான் மேடம்."

"எதுக்கு விழுந்துச்சு?"

"அடைக்கிறப்போ பல்லுல ஈரம் இருந்திருக்கும் மேடம்."

"தெரியுதுல்ல? எடு. முதல்லேர்ந்து போடு."

நோயாளியின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. சண்டை போட வந்தவர் நாற்காலியில் சாய்க்கப்பட்டு, மரத்துப்போக ஊசியும் போடப்பட்டார். மாணவி அடைத்தாள். மேடம் குனிந்து பார்த்தார். "ஓரம் சரியில்ல. எடு." மறுபடி அடைத்தாள். "பரவால்ல. ஆனா நீ இதோட விட்டுடுவியா?" மாணவி பெருமூச்சு விட்டுத் தானே எடுத்தாள். அத்தனை நேரமும் மேடத்தின் கை முதுகைவிட்டு முன்னால் வரவில்லை. அவர் செய்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருப்பார் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு கட்டத்தில் அக்கா அடைத்த வாயோடு, "நீங்களே போடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"நான் போட்டா இவ எப்பம்மா போடுவா?" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார் மேடம்.

மூன்றாவது தடவை அடைக்கும்போது மாணவி 'ஸாரிம்மா' சொல்லவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. நடுங்கிக்கொண்டேதான் சரியாகப் போட்டாள்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனும் அவர் கூட்டிவந்த ஆளும் டேப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு கூடத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கணவர் அளவைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா நேராகப் போய் அந்த ஆளின் கையிலிருந்த முனையை வாங்கி, டேப்பைச் சுருட்டி, மெஷின் மேல் வைத்தார்.

"பழஷு" என்றார். பாதி வாய் இன்னும் மரத்திருந்தது.

"என்னது?"

"பழய காலேஜு. அங்கதான் ஷேக்கணும்."

"பல்லு கொட்டிப்போன காலேஜுலயா? நேத்து என்ன சொன்ன, இன்னைக்கு என்ன சொல்ற? ஊசி மூளைக்கும் போயிருச்சா?" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் அழுதாள். "எல்லாரும் நின்னு பாப்பாங்கம்மா அங்க. என் கை உனக்குத் தெரியும்ல? நான் ஃபெயிலாயிட்டா?"

"எடுத்துட்டு முதல்லேர்ந்து போடு" என்றார் அக்கா, வாயோரம் எச்சிலைத் துடைத்துக்கொண்டு.

இதை ஒரு ஞானம் பிறந்த கதையாக எழுதிவிடலாம். அப்படி எழுதச் சான்று போதாது. கூடத்தை விற்க மனமில்லாதவர் ஒரு சாக்குக் கண்டுபிடித்தார் என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னார். தரகு போன வருத்தத்தில் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. காரணமும் சாக்கும் ஒரே துணியின் இரண்டு பக்கம். எது உள்பக்கம் என்று தைத்தவருக்கே சில சமயம் தெரியாது.

மகள் பழைய கல்லூரியில் சேர்ந்தாள். அம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு சேர்ந்தாள். நோயாளிகள் நிரம்பிய கூடத்தில் வேர்த்து வழிந்தாள். கைகட்டி மேடத்தின் 'எடு' என்ற சொல்லைத் தூக்கத்திலும் கேட்டாள். ஒரு தேர்வில் தவறி, அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினாள். அன்று அப்பா, வழவழப்பான அந்தப் பழைய விளம்பரப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொஞ்ச நேரம் வருடிப் பார்த்துவிட்டு வைத்தார். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவின் கண் அவள் விரல்களுக்குத்தான் போகும். கேட்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள்.

கடைசி வருஷத்தில் ஒரு நாள் மகளே ஃபோன் செய்தாள். "அம்மா, நாலாவது பல்லு இன்னும் இருக்கா?"

"இருக்கு. நல்லா வலிக்குது."

"மேல் கடைவாய்ப் பல்லு ஒண்ணு அடைச்சுக் காட்டணும். ஒரு கேஸ் வேணும் எனக்கு. வர்றியா?" என்று கேட்டுவிட்டு, "நான் நல்லாப் போடுவேம்மா" என்றாள்.

இந்த நாளுக்காகத்தான் அந்தப் பல்லை அவர் சேர்த்து வைத்திருந்தார் என்று தெருவே நம்பியது. குடையை நனைத்துப் பார்த்தவர், தலையணையில் தூங்கிப் பார்த்தவர், தன் வாழ்க்கையிலேயே பெரிய கொள்முதலைச் சும்மா விடுவாரா?

அக்கா போனார். அதே கூடம், அதே விசிறிகள். மகள் கருவிகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, நாற்காலியைத் துடைத்து, பக்கத்தில் நின்றிருந்தாள். கைகட்டி மேடம் கொஞ்ச தூரத்தில், கை பின்னால். அடுத்த நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு ஜூனியர் பெண்ணின் நடுங்கும் கையைப் பார்த்து நோயாளி அப்போதுதான் எழுந்து ஓடியிருந்தார். அவள் அங்கே கண் கலங்கி நின்றிருந்தாள்.

அக்கா மகளின் நாற்காலி மெத்தையை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டிப் போய், அடுத்த நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டார்.

"அம்மா! இங்க!"

"எனக்கு இது வசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். திறந்த வாயிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது. வரிசையில் காத்திருந்த ஒரு பஸ் கண்டக்டர் மகளின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மகள் அவர் பல்லைப் பார்த்தாள். அவள் வேலை செய்து முடிக்கும்வரை அக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை, விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜூனியர் பெண் அவர் பல்லில் கிணறு வெட்டினாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மகள் கேட்டாள். "என் கைமேல உனக்கு இன்னும் நம்பிக்கை வரல, அப்படித்தான?"

அக்கா உட்கார்ந்திருந்த சீட்டின் ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அந்தக் கண்டக்டருக்கு வலிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

மகள் இப்போது சொந்தமாக நாற்காலி போட்டுத் தொழில் செய்கிறாள். அதன் மெத்தையைத் தைத்துக் கொடுத்தவர் அம்மாதான். தைத்து முடித்து, உட்கார்ந்து பார்க்காமலேயே அனுப்பிவிட்டார்.